நின்ற கிலோமீட்டர்

திருச்சி

விடிகாலை ரயிலில் வந்து இறங்கிய என்னிடம் மாமா கேட்ட முதல் கேள்வி: "பாப்பா, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு சொன்ன?"

பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் என்றேன், நானே ஓட்டாமல் சேர்த்து வைத்ததுபோலப் பெருமையாக. 2008 மாடல் மாருதி 800. ஒரே கை. 2016-க்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் கொட்டகையில் ஒன்பது வருஷமாக நிற்கிறது. விற்பவர் சென்னையில் இருக்கிறார். அவருடைய அப்பாவின் கார்.

மாமா டீயை ஆற்றியபடி சொன்னார்: "ஓடுனதுக்கு மீட்டர் இருக்கு. நின்னதுக்கு?"

மாமா எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. பாலக்கரையில் கார் பட்டறை வைத்திருந்தவர். அப்பாவின் மாருதிக்கு அவர்தான் வைத்தியர். அந்த வழக்கத்தில் வீடு முழுக்க அவரை மாமா என்றது. 1983 டிசம்பர் 14-ல் டில்லியில் இந்திரா காந்தி மாருதி 800-இன் முதல் சாவியைக் கொடுத்ததிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரை, கார் என்பதே நமக்கில்லை என்று இருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார் அதுதான். எங்களுக்கும். அதில்தான் ஓட்டப் பழகினேன். நாற்பத்தைந்து வயதில் அதேபோல ஒன்று வேண்டும் என்று கிளம்பியதற்கு வேறு நியாயம் கிடையாது.

மாமாவின் ஆம்னியில் பின்பக்கம் சாமான்கள் ஏறின. ஸ்பானர் செட், டார்ச், மல்டிமீட்டர், சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்று, ஊசி இல்லாத சிரிஞ்ச், அரை லிட்டர் இன்ஜின் ஆயில், துணி சுற்றிய ஒரு காந்தத் துண்டு, கிழிந்த வேட்டி ஒன்று. வேட்டி எதற்கு என்றேன். "கீழ படுக்கறதுக்கு. வண்டி பாக்கப் போறவன் மொதல்ல படுக்கணும்."

புதுக்கோட்டைச் சாலை

நகரம் முடிந்ததும் செம்மண் தொடங்கியது. இரண்டு பக்கமும் தைல மரக் காடு, நடுநடுவே தண்ணீர் வற்றிய கண்மாய்கள். ஜன்னலுக்குள் வந்த காற்று, தோசைக்கல்லைத் தாண்டி வந்ததுபோல வறண்டிருந்தது. சென்னையில் துவைத்த துணியை மாலையில் தொட்டால் இன்னும் கொஞ்சம் பிசுபிசுக்கும். இங்கே ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும்.

"அதுலயே பாதி வெவரம் இருக்கு," என்றார் மாமா. சென்னையில் கடற்காற்று இரும்பைத் தின்னும். கதவின் அடிவிளிம்பு, மிதியடிக்குக் கீழே உள்ள தகடு, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம் எல்லாம் பெயிண்டுக்கு உள்ளேயே பொரிந்துபோகும். இந்தப் பக்கத்து வண்டியில் தகடு அநேகமாக நன்றாக இருக்கும். ஆனால் ரப்பர் செத்துவிடும். டயர், ஹோஸ், பெல்ட், ஆயில் சீல் எல்லாம் வெயிலிலும் வறட்சியிலும் விறைத்து வெடிக்கும். "ஊரப் பாத்தாலே வண்டிக்கு எங்க வலிக்கும்னு சொல்லிரலாம்."

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு ஊர் மாறி விற்பனைக்கு வந்த கதையையும் சொன்னார். சீட்டை மாற்றுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. முழுக்க இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் சேற்றுக்கோடு அப்படியே இருக்குமாம், வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம்போல. அந்த டிசம்பரில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளச் சுவரில் விழுந்த கோடு இன்றும் இருக்கிறது. மேலே இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று.

திருமயம்

குன்றின் மேல் கோட்டை தெரிந்ததும் மாமா வேகத்தைக் குறைத்தார். சேதுபதிகள் 1687-ல் கட்டிய கோட்டை. இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட முக்கியம் கோட்டைச் சுவரை ஒட்டி இருக்கும் பைரவர். லாரி, பஸ், புதுக் கார் எல்லாம் நின்று சூடம் காட்டித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். மாமாவும் ஒரு காய் வாங்கினார்.

"வாங்கப்போற வண்டிக்கா மாமா?"

"இல்ல, இந்த ஆம்னிக்கு. வாங்கப்போற வண்டிக்கு இப்பவே வேண்டிக்கக் கூடாது. வேண்டிக்கிட்டா அது நம்ம வண்டி ஆயிரும். அப்புறம் குத்தம் கண்ணுக்குத் தெரியாது."

சிதறிய தேங்காயில் ஒரு சில்லை எடுத்து என் கையில் வைத்தார். நான் ரயிலிலேயே அந்த வண்டிக்குப் பெயர்கூட யோசித்துவிட்டதை அவரிடம் சொல்லவில்லை.

கானாடுகாத்தான் பக்கம்

பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் சம்பாதித்த பணம் இந்தப் பொட்டலில் அரண்மனைகளாக நிற்கிறது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஜப்பான் பூவோடுகள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது பெரிய வரவு ஒன்று அறுந்தது. பிறகு பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியேறினார்கள், வீடுகள் நின்றன. தெருவுக்குத் தெரு பூட்டு. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற கதவுகள்.

நாங்கள் தேடிப்போன வீட்டில் சாவிக்கொத்தோடு ஓர் அக்கா காத்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக வீட்டைப் பார்த்துக்கொள்பவர். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிக் கொல்லைக் கதவின் வெளிச்சம் ஒரே நேர்கோட்டில் தெரிந்தது. வளவைச் சுற்றி வரிசையாகப் பூட்டிய அறைகள், மகனுக்கு ஒன்று என்று ஒதுக்கியவை. "செட்டியார் அய்யா போன பெறகும் ஆச்சி காரை விக்க வேணாம்னுட்டாங்க. ஆச்சியும் போன வருசம் தவறிட்டாங்க," என்றார் அக்கா, மோர் கொடுத்தபடி.

கொட்டகையைத் திறந்தார். எனக்கு மூச்சே நின்றது. வெள்ளை மாருதி, பளபளவென்று. பானட்டின் நடுவில் சந்தனமும் குங்குமமும்.

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை தொடைச்சிருவேன். ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் வைக்காம விட்டதில்ல."

நான் கதவைத் திறக்கப் போனேன். மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். பெயிண்டைப் பார்க்கவே இல்லை. வேட்டியை விரித்துப் படுத்து, டார்ச்சோடு அடியில் நுழைந்தார்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் ஒரு பாடம் படித்தேன். முதலில் டயர். பட்டன் தேயவில்லை, புதிதுபோல இருந்தது. பக்கச் சுவரில் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் காட்டினார்: 2210. 2010-ஆம் வருஷத்தின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடியது கொஞ்சம், வயது பதினைந்து. நகத்தால் கீறியதும் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. தரையில் அழுந்திய இடம் தட்டையாக உறைந்திருந்தது. நாலும் தூக்கிப் போட வேண்டியவை.

கைபிரேக் இழுத்தபடியே ஒன்பது வருஷம். பின்சக்கரங்கள் அசையவில்லை, ஷூவும் டிரம்மும் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. பிரேக் ஆயில் டப்பாவில் இருந்தது கருப்பட்டிக் காபி நிறம். அந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் சாதி. டாட் 3 ரகம் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் 140 டிகிரிக்கே கொதித்துவிடலாம். இறக்கத்தில் மிதிக்கிறபோது மிதி பஞ்சாகிவிடும். "வண்டி ஓடலேன்னா தள்ளிக்கிட்டுப் போயிரலாம். நிக்கலேன்னா?"

காந்தத்தைக் கதவுகளின் மேல் நகர்த்தினார். எங்கும் நழுவவில்லை, பட்டி வைத்து அடைத்த இடம் இல்லை. கார்ப்பெட்டைத் தூக்கினார். தகடு சுத்தம். வழியில் சொன்னது பலித்துவிட்டது. அக்காவின் முகம் மலர்ந்தது.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்ததும் மலர்ச்சி போயிற்று. உள்ளே ஓர் எலிக்குடும்பத்தின் வீடு. சீட்டுப் பஞ்சு, தேங்காய் நார், தினக்காலண்டரின் கிழிந்த தாள்கள். பக்கத்தில் இரண்டு ஒயர்கள் செம்பு தெரியக் கடிபட்டிருந்தன.

"ஐயோ, நான் வெளிய தொடைச்சேன், உள்ளாற குடித்தனமே நடந்திருக்கே," என்றார் அக்கா.

மாமா பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்தார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். பெட்ரோல் வாசமே இல்லை. மரச்சாமானுக்கு அடிக்கிற வார்னிஷ் நாற்றம். அக்கா நல்ல எண்ணத்தில் சாவியை எடுத்து நீட்டினார். "வேணாம்மா, சாவியத் தொடாதீங்க." சாவியைத் திருப்பினால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் அந்தக் கசடை இன்ஜினுக்கு அனுப்பும். அதோடு, ஒன்பது வருஷம் எண்ணெய் வற்றிய சிலிண்டரில் ரிங்குகள் துருவேறி ஒட்டியிருந்தால், ஸ்டார்ட்டர் வேகத்தில் இழுக்கும்போது உடையும், இல்லையென்றால் சிலிண்டரைக் கீறும். வாங்க வருகிறவன் செய்கிற முதல் தப்பும் பெரிய தப்பும், ஆசையில் ஒரு திருப்புத் திருப்பிப் பார்ப்பதுதானாம்.

"மொத வருசம் எம்மகன் வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் வச்சிருப்பானே," என்றார் அக்கா. "பேட்டரி போன பெறகுதான் விட்டுட்டான்."

மாமா சைலன்சரை விரல் முட்டியால் தட்டினார். உள்ளே பொரி குலுங்குவதுபோலத் துரு உதிர்ந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போக வேண்டும் என்றார். அரை மணி ஓடினால் சைலன்சர் கொதித்து ஆவி போய்விடும். அஞ்சு நிமிஷத்தில் நிறுத்தினால் அது அங்கேயே தண்ணீராகத் தங்கும், ஆயிலிலும் கலக்கும். சும்மா நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. அக்காவுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில்தான் இதைச் சொன்னார்.

டிப் ஸ்டிக்கை உருவினார். ஆயில் கறுத்திருந்தது, ஆனால் மோர்போல வெளுக்கவில்லை. கூலிங் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். பிறகு மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். சிரிஞ்சில் ஆயிலை உறிஞ்சி, மூன்று துளைக்குள்ளும் குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோலச் சொட்டுச் சொட்டாக விட்டார். துளைகளைத் துணியால் மூடினார்.

"அவ்வளவுதான். ராத்திரி ஊறட்டும். காலையில பேசிக்கலாம்."

காரைக்குடி

சென்னையில் இரவு எட்டு மணிக்கு மேல் எனக்குப் பசிப்பதில்லை. காரைக்குடியில் அந்த வாசனை விடவில்லை. ஒரு சின்ன மெஸ்ஸில் வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் வெண்ணெய். கூடவே கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்ச் சட்னி. சோற்றோடு வெண்டைக்காய் மண்டி வந்தது. அரிசி கழுவிய தண்ணீரில் புளி சேர்த்துக் கொதிக்கவைக்கும் குழம்பு. கோடிக்கணக்கில் வீடு கட்டியவர்கள் அரிசி கழுவிய தண்ணீரையும் கீழே கொட்டவில்லை. எதையும் வீணாக்காத இந்த ஊரில் வீடுகள் மட்டும் எப்படிச் சும்மா கிடக்கின்றன என்று கேட்டேன்.

பரிமாறியவர் யோசிக்கவே இல்லை. "பங்குக்கா. ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி. ஓடு மாத்தணும்னாலும் முப்பது பேரும் சரிங்கணும்."

மறுநாள் காலை முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தோம். பழம்பொருள் கடைகள் வரிசை. பிரித்த வீடுகளின் தூண்கள், நிலைகள், எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள், யாரோ ஒருவருடைய தாத்தாவின் கண்ணாடி போட்ட புகைப்படம். மாமா ஒரு நிலைக்கதவின் கீலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லாமல் ஆடியது. "தெனம் தெறந்து மூடுன கதவு. எண்ணெய் போட்டிருக்காங்க." அடுத்ததை அசைத்தார், அது முனகியது. கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே விலைதான் சொன்னார்.

ஆத்தங்குடி

வழியைக் கொஞ்சம் வளைத்து ஆத்தங்குடிக்குள் போனோம். ஒரு கொட்டகையில் கல் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் பூ அச்சு, அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட் குழம்பு, அதற்கு மேல் மணலும் சிமெண்டும். கையாலேயே எல்லாம். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். பலகையை உரித்தால் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும்.

எத்தனை வருஷம் பளபளப்பு நிற்கும் என்று நான் கேட்ட கேள்வி அங்கிருந்த பெண்ணுக்குச் சிரிப்பாக இருந்தது. "நடக்க நடக்கத்தான்மா பளபளக்கும். ஆளு நடக்காத வீட்டுல மங்கிப் போகும்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

மறுபடியும் கொட்டகை

அக்கா எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த நெற்றி. மாமா முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டினார். முதல் அழுத்தில் அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை, திரும்ப இந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்று, அடம்பிடிக்கும் ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பதுபோல அசைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. பிறகு ஒரு சின்ன சத்தம், பெருமூச்சு மாதிரி. ஸ்பானர் நகர்ந்தது. கால் வட்டம், அரை வட்டம், முழு வட்டம்.

"உசிரு இருக்கு," என்றார்.

அக்கா கைதட்டினார். நானும்.

மாமா ஒரு தாளில் எழுதினார்: டயர் நாலு, பேட்டரி, டைமிங் பெல்ட், எல்லா ஹோஸும், வீல் சிலிண்டர், பிரேக் ஷூ, பெட்ரோல் பம்ப், டேங்க் கழுவ, சைலன்சர், ஒயரிங். ஏறக்குறைய நாற்பதாயிரம். விற்பவர் கேட்டது அறுபத்தைந்தாயிரம். "ஸ்டார்ட் ஆயி ஒரு மாசத்துல ஆயில் சீல் ஒழுக ஆரம்பிக்கும், அதுக்கும் வச்சுக்க. இருபத்தஞ்சுக்கு மேல குடுக்காத. ஆனா வாங்கலாம், பாப்பா."

அடுத்து அவர் கேட்டது ஆர்சி. அக்கா ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டிஎன் 63, சிவகங்கை மாவட்டப் பதிவு. செட்டியாரின் பெயர் அப்படியே இருந்தது. பதினைந்து வருஷப் பதிவு 2023-லேயே முடிந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் எப்போதோ போயிற்று. அவற்றையெல்லாம் எஃப்சி காட்டி, பணம் கட்டி நேர் செய்துவிடலாம். ஆனால் உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் வாரிசு பெயருக்கு வண்டியை மாற்றியிருக்க வேண்டும். அது நடந்த பிறகுதான் 29, 30 படிவங்களில் எனக்கு விற்க முடியும். யாரும் மாற்றவில்லை.

விற்பவருக்குப் போன் போட்டேன். நாலு பிள்ளைகள். இரண்டு பேர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், கடைசிப் பெண் அமெரிக்கா. நாலு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். "வீட்டு விஷயமா எங்களுக்குள்ள கொஞ்சம் பேச்சுவார்த்தை இல்ல," என்றார் அவர், தயங்கியபடி. "இதுல கையெழுத்துப் போட்டா அதுலயும் போட்ட மாதிரி ஆயிருமோன்னு தம்பி யோசிக்கிறான். ஒங்களுக்கு அவசரமா?"

வருஷக்கணக்கில் இறுகிய இன்ஜினை மாமா அரை மணியில் அசைத்துவிட்டார். இதற்கு அவர் பையில் ஸ்பானர் இல்லை.

திரும்பும் வழி

கிளம்புவதற்கு முன் மாமா, வாங்காத வண்டிக்கு வேலை செய்தார். பிளக்குகளை மாட்டினார். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாமல் பருத்திப் போர்வை போடச் சொன்னார். நாலு பக்கமும் கருங்கல் அடுக்கி, டயர் தரையில் படாமல் வண்டியை உட்கார வைத்தார். கைபிரேக்கை விடுவித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, புல்லி போல்ட்டைக் காட்டி, ஸ்பானரை அவர் கையில் கொடுத்தார்.

"மாசம் ஒருக்கா. இப்பிடி, கடிகாரம் சுத்துற பக்கம். ரெண்டு சுத்து. ஸ்டார்ட் பண்ண வேணாம்."

அக்கா முதலில் பயந்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். உள்ளே மூன்று பிஸ்டன்கள் மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தம் அவர் தோளில் தெரிந்தது. "ஆட்டுக்கல்லு மாதிரிதானே இருக்கு," என்று சிரித்தார். ஸ்பானரைத் துடைத்து, முகப்பில் வீட்டுச் சாவிக்கொத்து தொங்கும் ஆணியிலேயே மாட்டினார்.

திருமயத்தில் மாமா நிறுத்தவில்லை, கையை மட்டும் எடுத்துக் கும்பிட்டார். புதுக்கோட்டையில் முட்டை மாஸ் சாப்பிட்டோம். என் நகக்கண்ணில் ஆயில் கறை இருந்தது. சென்னை போய்ச் சேர்ந்தும் இரண்டு நாள் போகவில்லை.

இது நடந்து ஐந்து மாதம். நாலு கையெழுத்தில் இரண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு போன் வரும். அக்கா வேறு எதுவும் பேசுவதில்லை.

"ரெண்டு சுத்து சுத்திட்டேம்மா."